சாமான் அறைக் கஞ்சாவும் என் பீன்ஸ் செடிகளும்

ஜெர்மனியில் பான் நகரத்தில் நான் முதலில் குடியிருந்த வீட்டில், என் அறைக்குப் பக்கத்தில் ஒரு சாமான் அறை இருந்தது. அதன் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் பகலெல்லாம் கேட்கும். ஏதோ ஹீட்டர் மெஷின் என்று நினைத்துக்கொண்டேன். குடிபோன அடுத்த வாரம் துடைப்பம் தேடிப் போய்க் கதவைத் திறந்தேன். சுவர் முழுக்க வெள்ளித் தாள். கண் கூசுகிற விளக்கு. அதன் கீழே பழைய பெயின்ட் வாளிகளில் இடுப்பு உயரத்துக்குக் கஞ்சாச் செடிகள்.

நான் வேளாண்மைக் கல்லூரியில் படித்தவள். பார்த்தவுடனே என்ன செடி என்று தெரிந்துவிட்டது. கதவை மூடிவிட்டு என் அறைக் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். இரண்டாயிரங்களின் நடுவில், பூச்சியியலில் டாக்டர் பட்டம் வாங்க உதவித்தொகை கிடைத்து வந்திருந்தேன். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசாவைத் தவிர அந்த நாட்டில் எனக்கு வேறு பிடிமானம் கிடையாது.

வீடு ஒரு ஜெர்மன்கார மாணவன் பேரில் இருந்தது. நான் உள்வாடகைக்கு வந்தவள். அவன் தத்துவம் படித்துக்கொண்டிருந்தான். எத்தனையாவது வருஷம் என்று கேட்டால் சிரிப்பான். நல்ல உயரம், எப்போதும் வெறுங்கால், எதையும் அவசரமாகச் செய்யாத ஆள். அன்று சாயங்காலம் அவன் வந்ததும் கேட்டேன்.

"அந்த ரூம்ல என்ன வளர்க்கிற?"

"பார்த்துட்டியா? எனக்கும் ரெண்டு மூணு ஃப்ரெண்ட்ஸுக்கும்தான். விக்கிறதெல்லாம் இல்ல. டென்ஷன் ஆகாதே."

"போலீஸ் வந்தா?"

"யார் வரப்போறாங்க? வந்தா அபராதம் போடுவாங்க. அவ்வளவுதான்."

அவனுக்கு அவ்வளவுதான். எனக்கு எவ்வளவு என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அந்த வாரமே வேறு அறை தேட ஆரம்பித்தேன். ஃபோனில் என் ஜெர்மன் உச்சரிப்பைக் கேட்டதுமே பாதிப் பேருக்கு அறை அப்போதுதான் வாடகைக்குப் போயிருக்கும். மீதிப் பேர் வந்து பார்க்கச் சொல்வார்கள், என் முகத்தைப் பார்த்த பிறகு அறை போயிருக்கும். குளிர் தொடங்கிவிட்டது. அங்கேயே இருந்தேன்.

இருந்ததால் அவனுடைய விவசாயத்தையும் பார்க்க வேண்டியதாயிற்று. காசு செலவழிக்கக் கூடாது, ரசாயனம் கூடவே கூடாது. இரண்டும் அவனுக்குக் கொள்கை. ரைன் நதிக்கரையில் காஞ்சொறி மாதிரித் தொட்டால் அரிக்கும் செடி புதர் புதராக வளரும். அதை அள்ளிக்கொண்டு வந்து ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்க விடுவான். அதுதான் தழைச்சத்து. வாளி இருந்த இடம் குளியலறை. செத்த எலி நாற்றம் அடிக்கும். வாழைப்பழத் தோலை ஊறவைத்த பாட்டில்கள் ஃப்ரிட்ஜில் என் தோசை மாவுக்குப் பக்கத்தில் நிற்கும். காபிப் பொடிச் சக்கையைச் சமையலறை ஜன்னல் ஓரம் தட்டுத் தட்டாகப் பரப்பியிருப்பான்.

"எல்லாம் பயோ, இயற்கை உரம். உனக்குத்தான் இதோட அருமை தெரியணும்" என்பான்.

அருமை தெரிந்ததால்தான் எனக்கு எரிச்சல். சக்கையைச் சரியாக மக்க விடாமல் அப்படியே மண்ணில் கொட்டினான். தினமும் தண்ணீர் ஊற்றினான். ஈர மண்ணில் புழுவைத்து, கொசு மாதிரிச் சின்னச் சின்னக் கறுப்புப் பூச்சிகள் கிளம்பி வீடு முழுக்கப் பறந்தன. புளிக்க வைத்த மாவைத் திறந்தால் மேலே நாலைந்து மிதக்கும். அந்த மாவுக்காக நான் பக்கத்து நகரமான கொலோனுக்கு ரயில் ஏறிப்போய் உளுந்து வாங்கி, பாதி மிக்ஸியில் பாதி கையில் என்று அரைத்திருப்பேன். மாவை அப்படியே சிங்க்கில் கொட்டும்போது வாயில் வந்த வார்த்தைகளெல்லாம் அவனுக்குப் புரியாத மொழியில் இருந்தது அவன் அதிர்ஷ்டம்.

அதெல்லாம் பரவாயில்லை என்று சொல்கிற நாளும் வந்தது.

என் ஆராய்ச்சி பீன்ஸ் செடியில் வருகிற அசுவினிப் பூச்சியைப் பற்றியது. பல்கலைக்கழகத்தில் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில் வலைக் கூண்டுகளுக்குள் செடிகளை வைத்து, சில கூண்டுகளில் அசுவினியை விட்டு, சிலவற்றைச் சுத்தமாக வைத்து, வித்தியாசத்தை அளக்க வேண்டும். சுத்தமான கூண்டில் வேறு எந்தப் பூச்சி நுழைந்தாலும் கணக்கே போச்சு. ஒருநாள் காலை போய்ப் பார்க்கிறேன், சுத்தமான கூண்டின் இலைகளில் ஊசியால் குத்தின மாதிரி வெளிறிய புள்ளிகள். இலையைத் திருப்பினால் மெல்லிய நூலாம்படை. சிலந்திப்பேன். கண்ணுக்குச் சரியாகக்கூடத் தெரியாது, ஆனால் சாற்றை உறிஞ்சிச் செடியையே காயவைத்துவிடும். எங்கள் கூடத்தில் யாருமே அதை வளர்க்கவில்லை.

பேராசிரியர் வந்து குனிந்து பார்த்தார். நல்ல மனிதர், யாரிடமும் சத்தம் போட்டுப் பேசமாட்டார்.

"இது வெளியிலிருந்து வந்திருக்கு. துணியில ஒட்டிக்கிட்டு வரும். உங்க வீட்ல செடி ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இல்லை" என்றேன்.

வேறு என்ன சொல்வது?

வீட்டுக்கு ஓடினேன். கைலென்ஸை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போய் முதல் வாளியில் ஓர் இலையைத் திருப்பினேன். மொய்த்துக்கொண்டிருந்தது. அந்த அறை வாசலில்தான் என் கோட்டை மாட்டுகிற ஆணி இருந்தது. மாதக்கணக்கான வேலையை நானே தோளில் சுமந்துகொண்டுபோய் நாசம் செய்திருக்கிறேன்.

அவன் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"எல்லாத்தையும் இன்னிக்கே தூக்கிப் போடு."

"முடியாது. பூக்கப் போகுது."

"அப்படின்னா மருந்து அடி."

"ரசாயனமா? புகைக்கிற பொருள்ல?"

"பேனைத் தின்கிற பேன் இருக்கு. தபால்ல வரவழைக்கலாம். அதை வாங்கி விடு."

"அதுக்கு ஏது காசு?" என்றான். அதற்கு முந்தின வாரம்தான் ஏதோ பாட்டுக் கச்சேரிக்கு பெர்லின் போய் வந்திருந்தான். பிறகு மிகவும் நட்பாக என்னைப் பார்த்தான். "நீதான் பூச்சி டாக்டர் ஆச்சே. ஏதாவது பண்ணேன்."

பண்ணினேன். வேறு வழி என்ன இருந்தது? அவன் பேன் ஒழிந்தால்தான் என் பீன்ஸ் பிழைக்கும்.

கொலோனில் நான் உளுந்து வாங்கும் கடை ஒரு யாழ்ப்பாணத்து அக்காவுடையது. எண்பதுகளில் அகதியாக வந்து, ஹோட்டலில் பாத்திரம் கழுவி, பிறகு கடை போட்டவர். வேப்பெண்ணெய் பாட்டில்களை நான் மேசையில் அடுக்கியதும் நிமிர்ந்து பார்த்தார்.

"தலைக்கோ பிள்ளை? இவ்வளவும் பூசினால் பக்கத்தில ஒருத்தரும் இருக்கேலாது."

"செடிக்கு அக்கா. பூச்சி விழுந்திருக்கு."

"என்ன செடி?"

"பீன்ஸ்" என்றேன்.

வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலில் கலந்தால்தான் தண்ணீரோடு சேரும். வெதுவெதுப்பான நீரில் அடித்துக் கலக்கி, ஜன்னல் துடைக்கிற ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொண்டேன். மோசமான இலைகளைக் கிள்ளிப் பையில் கட்டினேன். மீதி ஒவ்வொரு இலையையும் திருப்பி அடிப்பக்கம் நனைய நனைய அடித்தேன். ஒரு தடவையோடு முடியாது. முட்டை பொரித்துப் புதிதாக வரும், அதனால் சில நாள் விட்டு மறுபடி, மறுபடி. அவன் ஊற்றுகிற தண்ணீரை நிறுத்தி மண்ணைக் காயவிட்டேன், கறுப்புப் பூச்சிகளும் குறைந்தன. விளக்கு வெக்கையில் முழங்காலிட்டு, இன்னொருத்தன் கஞ்சாவுக்கு நான் குளிப்பாட்டிவிட்டுக் கொண்டிருக்கையில், அவன் பக்கத்து அறையில் கிதார் வாசித்தான். வேலையைச் சரியாகச் செய்த என் கைகள் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அரைகுறையாகச் செய்ய அவற்றுக்குத் தெரியவில்லை.

செடிகள் தெளிந்து துளிர்த்தன. அவன் அதைத் தன் நண்பர்களிடமெல்லாம் சொன்னான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சமையலறைக்குள் போனால் அவனோடு இரண்டு பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். ஓர் ஆள் பிளாஸ்டிக் பையில் தன் செடியின் புள்ளி விழுந்த இலை கொண்டுவந்திருந்தான். கூட வந்த பெண் என்னைப் பார்த்துக் கையைக் கூப்பி வணங்கினாள்.

"இவங்கதான் எங்க குரு" என்றான் இவன்.

அந்தப் பெண் ஆசையாகக் கேட்டாள். "உங்க ஊர்ல இதெல்லாம் புனிதம், இல்லையா? சின்ன வயசிலேர்ந்தே உங்களுக்குப் பழக்கமா இருக்கும்."

என் அப்பா தூத்துக்குடியில் கணக்கு வாத்தியார். வீட்டில் யாராவது வெற்றிலை போட்டாலே அம்மா வாயைக் கழுவச் சொல்வாள்.

"இந்தப் பையை எடுத்துட்டு வெளிய போ" என்றேன். யாரும் அசையவில்லை. அதன் பிறகு நான் கத்தியது கீழ் வீட்டுக்குக் கேட்டிருக்கும். "உங்களுக்கு இது விளையாட்டு. நாளைக்குப் போலீஸ் வந்தா நீங்க அபராதத்தைக் கட்டிட்டு வந்து இதே மேசையில உட்கார்ந்து சிரிப்பீங்க. என்னை விமானத்துல ஏத்தி அனுப்பிடுவாங்க. என் படிப்பு போயிடும்." இவன் பக்கம் திரும்பினேன். "நீ இன்னும் எத்தனை பேர்கிட்ட என்னைக் காட்டிக் கொடுத்திருக்க?"

அந்த ஆள் பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். இவன் தோளைக் குலுக்கினான்.

"நீ ரொம்பக் கடுமையா இருக்க. இங்க யாரும் இதையெல்லாம் இவ்வளவு சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க."

அடுத்த திங்கட்கிழமை, இரண்டாம் முறையாக விதைத்த பீன்ஸிலும் சிலந்திப்பேன் தெரிந்தது. முதல் தடவை கெட்டதிலிருந்தே கோட்டை வேறு இடத்தில் மாட்டினேன். துணியைச் சுடுநீரில் துவைத்தேன். கூடத்துக்குள் போகும்முன் சட்டை மாற்றினேன். அப்படியும் தலைமுடியிலோ பையிலோ ஒன்று போதும்.

உதவித்தொகையை நீட்டிப்பது பற்றிப் பேசப் பேராசிரியர் கூப்பிட்டார். இரண்டு சோதனைகள் ஏன் கெட்டன என்று அவர் எழுதியாக வேண்டும். முந்தின நாளெல்லாம் யோசித்தேன். இனிப் பொய் சொன்னால் எனக்கு வேலை தெரியாது என்றுதான் ஆகும். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். விசாவுக்கு ஆபத்து வந்துவிடுமா என்று கேட்டேன்.

அவர் சிரித்தார்.

வாய்விட்டு, நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "இதுதானா? நான் ஏதோ ஆய்வுக்கூடத்துலதான் கோளாறுன்னு பயந்தேன். எங்க காலத்துல மாணவர் விடுதி பால்கனியிலேயே வச்சிருந்தோம். வேப்பெண்ணெய் வேலை செஞ்சுதா?"

குளிர்காலம் முழுக்க அழைப்பு மணி அடித்தால் சாமான் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஓடியிருக்கிறேன். படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அம்மாவிடம் ஃபோனில் பேசும்போதுகூட வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அத்தனையும் இவருக்குப் பழைய நாள் ஞாபகம்.

"நீங்க சிரிக்கிறது எனக்குப் புரியலை சார்" என்றேன். "உங்க பால்கனியில நீங்க வச்சீங்க. உங்களை எந்த நாட்டுக்கு அனுப்பியிருப்பாங்க?"

சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. நீட்டிப்புக்கு அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், அதற்கு நான் நன்றியும் சொன்னேன். ஆனால் பிறகு, துறையில் நடந்த ஒரு விருந்தில், "எங்க மாணவி ஒருத்தரோட பீன்ஸ் கதை" என்று ஆரம்பித்து அதை எல்லாருக்கும் சொன்னார். பேர் சொல்லவில்லை. பீன்ஸ் வைத்திருந்தது நான் ஒருத்திதான். வைன் கிளாஸோடு எல்லாரும் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

கையெழுத்து வாங்கின அந்த வாரக் கடைசியில் கொலோன் போனேன். கடையில் கூட்டம் இல்லை. அக்கா "பீன்ஸ் எப்படி?" என்று கேட்டதும் என்னால் அடக்க முடியவில்லை. மிளகாய்ப் பொடிப் பாக்கெட்டுகளுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"குடியிருக்கிற முகவரி எண்டு உங்கட பேர் அந்த வீட்டில பதிஞ்சிருக்கோ?"

"ஆமாக்கா."

"பொலிஸ் வந்தால் அவனை விட்டிட்டு முதல் உங்களைத்தான் கேப்பினம். அங்க இனி இருக்கேலாது. எங்கட மேல் அறை சும்மாதான் கிடக்கு. நாளைக்கே சாமானோட வாங்கோ. இவர் வான் கொண்டு வருவார்."

"ரயில்ல தினமும் பானுக்குப் போகணுமே அக்கா."

"ஓம், போங்கோ. ரயில்ல போறது ஜெயிலுக்குப் போறதை விட நல்லது."

மறுநாள் அக்காவின் கணவர் வேனோடு வந்தார். அவர் மாடியிலிருந்து பெட்டிகளை இறக்கினார். அவன் வெறுங்காலோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நிஜமாகவே வருத்தப்பட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

"போறதுக்கு முன்னாடி அந்த வேப்பெண்ணெய்க் கலவை அளவை மட்டும் சொல்லிட்டுப் போறியா?" என்று கேட்டான்.

"செடி உன்னுது. வீடு உன்னுது. நாடும் உன்னுது. நீயே கண்டுபிடிச்சுக்கோ."

அவனுக்கு அது புரியவில்லை. "ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்டான். நான் வேனில் ஏறிக்கொண்டேன்.

மூன்றாவது முறை விதைத்த பீன்ஸ் சுத்தமாக வந்தது. என் பட்டம் மற்றவர்களை விட ஒரு வருஷம் தாமதமாக வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை, நல்லெண்ணத்தோடு சிலர் சொல்லியிருக்கிறார்கள்: அவன் கெட்டவன் இல்லை, பேராசிரியரும் உதவி செய்தாரே, போலீஸும் வரவில்லையே என்று. மூன்றும் சரிதான். போலீஸ் வரவில்லை. வராத போலீஸுக்குப் பயந்து பயந்து நான் கழித்த அந்தக் குளிர்காலத்தை அவர்களில் ஒருத்தரும் கழிக்கவில்லை.