அத்தான் கண்டுபிடித்த இத்தாலி

அத்தான் நயாகராவில் இரண்டு நாள் வைன் வகுப்புக்குப் போய்வந்த பிறகு அவரோடு ஒரு மேசையில் இருந்து சாப்பிடுவது பெரும்பாடாகிவிட்டது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். மிசிசாகாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை விஸ்கிக்குள் கோக் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்த மனிதர், வகுப்பிலிருந்து திரும்பியதும் கிளாஸைத் தண்டில் பிடித்துச் சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டு மோந்தார், கண்ணை மூடினார். பிறந்தநாள் வீடுகளில் பிளாஸ்ரிக் கப்பில் ஊற்றிக் கொடுத்தாலும் அதையும் சுழற்றினார். ஒருமுறை அப்படிச் சுழற்றி, பக்கத்தில் நின்ற ஒரு அன்ரியின் சேலையில் ஊற்றிவிட்டார். "உது மலிஞ்ச வைன், கறை பிடியாது," என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை.

இத்தாலிக்குப் போகலாம் என்று தொடங்கியவரும் அவர்தான். டஸ்கனி நாட்டுப்புறத்தில் ஒரு பண்ணை வீட்டை ஒரு கிழமைக்கு எடுத்து, அங்கிருந்து காரில் சுற்றுவதாகத் திட்டம். நானும் என் கணவரும், அக்காவும் அத்தானும். ரொறன்ரோவில், மில்லிக்கன் பக்கம் எங்கள் வீட்டுக் குசினியில் இருந்து தேநீர் குடித்தபடி அவர் சட்டம் போட்டார்.

"சுற்றுலாக்காரர் போற இடம் ஒண்டுக்கும் நாங்கள் போறேல்லை. மெனுவில இங்கிலிஷ் இருந்தால் அந்தக் கடைக்குள்ள காலே வைக்கக்கூடாது. அங்கத்தைச் சனம் சாப்பிடுற இடத்திலதான் நாங்களும் சாப்பிட வேணும். அதுதான் மறக்கேலாத சாப்பாடு."

"நாங்களும் சுற்றுலாக்காரர்தானே, அத்தான்?"

"நாங்கள் ட்ரவலர்ஸ், மச்சாள். அது வேற."

அக்கா கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள். அக்கா அவருக்கு முன்னால் அதிகம் பேசுவதில்லை. பேசி என்ன பயன் என்று எப்போதோ முடிவெடுத்துவிட்டாள் போலிருக்கும்.

போன இரண்டாம் நாளே அந்தச் சட்டத்தின் அழகைப் பார்த்தோம். என் கணவருக்கு நீரிழிவு. மத்தியானம் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். ஒரு சிறிய ஊரின் சதுக்கத்தில், மரத்துக்குக் கீழே மேசைகள் போட்டு, நல்ல மணம் வந்துகொண்டிருந்த ஒரு கடையைக் கண்டோம். அத்தான் வாசலில் இருந்த மெனுவை எட்டிப் பார்த்தார். இத்தாலிய மொழிக்குக் கீழே சின்ன எழுத்தில் ஆங்கிலம் இருந்தது. "சுற்றுலாக்காரரைப் பிடிக்கிற ட்ரப்," என்றார். அடுத்த ஊரில் இன்னொரு கடை. அங்கே ஒரு ஜெர்மன் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அதுவும் ட்ரப். மூன்றாவதில் உணவுகளின் படங்கள் ஒட்டியிருந்தன. அங்கே அவர் காரைவிட்டு இறங்கக்கூட இல்லை.

கடைசியில் மலை வளைவுகளில் ஏறி இறங்கி, அவர் எங்கோ வாசித்து வைத்திருந்த ஒரு கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். உண்மையிலேயே அங்கே சுற்றுலாக்காரர் ஒருவரும் இல்லை. உள்ளூர்க்காரரும் இல்லை. மத்தியானச் சமையலை முடித்துக் குசினியை மூடிவிட்டார்கள். இனி இரவுக்குத்தான் என்று கதிரைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்த பெண் கையால் காட்டினாள்.

என் கணவரின் நெற்றி வியர்த்தது, கை நடுங்கியது. அக்கா தன் கைப்பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தாள். கனடாவிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட். பிறகு ஒரு பெற்றோல் நிலையத்தில் உருளைக்கிழங்குப் பொரியலும் ஜூஸும் வாங்கி, காருக்குள் இருந்து சாப்பிட்டோம். அத்தான் தன் பொரியலைச் சாப்பிட்டுக்கொண்டே, "பாத்தீங்களோ, இவையள் நேரத்துக்கு மரியாதை குடுக்கிற சனம்," என்றார். ஒரு மனிதனால் எப்படி இப்படி வெட்கமே இல்லாமல் இருக்க முடிகிறது என்று யோசித்தபடி நான் கார்க் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் மீதும் எனக்குக் கோபம். நடுங்குகிற கையோடு, "ஓம் அண்ணை, அது சரிதான்," என்று சொன்னது அவர்தான்.

அடுத்த நாள் ஒரு வைன் தோட்டம். குன்றின் சரிவு முழுக்கத் திராட்சைக் கொடிகள், உச்சியில் கல் வீடு. அழகுக்குக் குறைவில்லை. ஒரு இளம்பெண் நிலவறையைச் சுற்றிக் காட்டி, ஐந்து விதமான வைன் ஊற்றிக் கொடுத்தாள். துப்புவதற்கு ஒரு பாத்திரமும் வைத்தாள். அத்தான் மோந்துவிட்டு, ஈரக் கல், பழைய தோல், புகையிலை என்று ஒவ்வொன்றாக மணங்களை அறிவித்தார். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டிச் சிரித்தாள். அது அவள் தொழில்.

"எனக்குத் திராட்சை மணம்தான் வருது," என்றாள் அக்கா.

அத்தான் அவளைப் பார்த்த பார்வையை அந்தப் பெண்ணும் கண்டாள். பிறகு அவர் வாய் நிறைய வைனை வைத்துக் கொப்பளித்து, வகுப்பில் பழகியபடி தூர நின்று துப்பினார். பாதி பாத்திரத்துக்குள் போனது. மீதி அவருடைய வெள்ளை லினன் சேட்டில் வடிந்தது. அந்தக் கறையோடு அவர் மாலைவரை ட்ரவலராகத் திரிந்தார்.

திரும்புவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்தான் அவர் தேடிய கடை கிடைத்தது. மலையுச்சிக் கிராமம், பெயர்ப்பலகை இல்லாத வாசல், ஏழெட்டு மேசை. மெனுவே இல்லை; அன்றைக்கு இருப்பதைப் பரிமாறும் பையன் வாயால் சொன்னான். காசு மேசையில் கறுப்புச் சட்டை போட்ட ஒரு வயதான இத்தாலியப் பெண் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு இருந்தாள். அத்தானுக்குக் கண் கலங்காத குறை.

"இதுதான். இதுக்குத்தான் வந்தனாங்கள்."

சாப்பாடு நன்றாக இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். பட்டையான நூடில்ஸில் காட்டுப்பன்றி இறைச்சிக் குழம்பு, மெதுவாக அவித்த வெள்ளைப் பயறு, ஈரலை அரைத்துப் பூசிச் சுட்ட பாண். ஒருவரும் பேசாமல் சாப்பிட்டோம். அத்தான் மட்டும் பேசினார்.

"இந்தக் கைப்பக்குவம் வேற ஒருத்தருக்கும் வராது. ரத்தத்தில இருக்கவேணும். எங்கட ஆக்கள் நூறு வருஷம் இஞ்ச இருந்தாலும் இப்பிடிச் சமைக்கேலாது."

அக்கா கை கழுவப் போனாள். வெகுநேரம் வரவில்லை. தேடிப் போனேன். குசினிக் கதவு திறந்திருந்தது. உள்ளே அக்கா நின்று ஒரு மனிதரோடு கதைத்துக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டிய ஆள், வெள்ளை ஏப்ரன், தோளில் துவாய்.

"இவருக்கு ஊர் கரவெட்டி," என்றாள் அக்கா என்னிடம். "போனில மனிசியோட கதைச்சுக்கொண்டு நிண்டவர். பிள்ளை ரியூசனுக்குப் போனதோ எண்டு கேட்ட சத்தம் கேட்டுத்தான் எட்டிப் பாத்தனான்."

குடும்பம் தெற்கே பலெர்மோவில் இருக்கிறது என்றும், தான் பல வருடமாக இங்கேதான் வேலை என்றும் அவர் சொன்னார். முதலில் கோப்பை கழுவினாராம். காசு மேசையில் இருக்கும் முதலாளி அம்மாவின் இடுப்பு முறிந்த பிறகு குசினி முழுக்க இவர் கையில்.

"அப்ப இண்டைக்குச் சமைச்சது?" என்று கேட்டேன்.

"நான்தான் அக்கா. ஏன், ஏதும் பிழையோ?"

அக்கா அவரைக் கையோடு எங்கள் மேசைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். "இஞ்சேருங்கோ, இவர்தான் சமைச்சவர். எங்கட ஆள்."

அத்தானின் முகம் போன போக்கை எப்படிச் சொல்வது? கள்ளச் சாமானை விற்று ஏமாற்றிவிட்டார்கள் என்பதுபோல் தட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு, அந்த மனிதர் வாயைத் திறக்கமுதலே, "கனடாவுக்கு ஆக்களை எடுக்கிறது இப்ப சரியான கஷ்டம், தம்பி. முந்தின மாதிரி இல்லை," என்றார்.

"எனக்கு வேண்டாம் அண்ணை," என்றார் அவர் சாதாரணமாக. "தம்பி அங்க ஒஷாவாவில இருக்கிறான். வந்து ஒரு மாசம் நிண்டனான். எல்லாரும் சாப்பிடக் கூப்பிட்டுப்போட்டு வீட்டைத்தான் காட்டினவை. பேஸ்மென்றையும் விடேல்லை. அங்க சீவிக்க என்னால ஏலாது."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். விருந்துக்குப் போன ஒருவரையும் தன் வீட்டுக் கீழ்த்தளத்தைக் காட்டாமல் அத்தான் விட்டதில்லை; அந்தப் பேஸ்மென்ற் எங்கள் சொந்தத்தில் பேர்போனது.

அவர் குசினிக்குத் திரும்பியதும் அத்தான் முள்ளுக்கரண்டியால் மிச்ச நூடில்ஸைக் கிளறினார். "நான் அப்பவே நினைச்சனான். உப்புக் கொஞ்சம் கூட. குழம்பிலயும் ஏதோ குறையுது," என்றார். கொஞ்சம் முன்புதான் அதே குழம்பைப் பாணால் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டிருந்தார். போகும்போது காசு மேசையில் இருந்த அம்மாவின் கையில் ஒரு தட்டைக் கொடுத்துப் படம் எடுத்தார். சமைத்தவரை எடுக்கவில்லை. அக்கா குசினிக்குள் போய் அவரிடம் போயிட்டு வாறம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ரொறன்ரோவுக்குத் திரும்பிச் சில வாரங்களில் அத்தான் வீட்டில் விருந்து. சுவரை மறைக்கும் அந்தப் பெரிய தொலைக்காட்சியில் படங்கள் ஓடின. ஒவ்வொரு படத்துக்கும் அவர் பிரசங்கம் செய்தார். பெற்றோல் நிலையப் பொரியல் எந்தப் படத்திலும் இல்லை. தட்டோடு அந்த இத்தாலிய அம்மா வந்ததும் தொலைக்காட்சியை நிறுத்தி வைத்தார்.

"இந்த அம்மாதான் எங்களுக்குத் தன்ர கையால சமைச்சுத் தந்தவ. பரம்பரைச் சமையல். உலகத்தில வேற எங்கயும் கிடையாது."

அக்கா சுடப் பொரித்த ரோல்ஸ் தட்டோடு குசினியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அறையின் நடுவே நின்றாள்.

"அவ சமைக்கேல்லை. சமைச்சது எங்கட ஆள். கரவெட்டி."

அத்தான் ரிமோட்டைத் தேடினார். சோபாவில் இருந்த ஓர் அங்கிள், ஓய்வுபெற்ற கணக்காளர், கண்களைச் சுருக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"கரவெட்டியில எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வியின் அர்த்தம் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். ஊரைக் கேட்பதுபோல் சாதியைக் கேட்கிற கேள்வி. நாற்பது வருடம் கனடாக் குளிரில் கிடந்தும் விறைத்துச் சாகாத கேள்வி. சுற்றியிருந்த நாலைந்து தலைகள், இதுவரை படத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்ட தலைகள், உடனே நிமிர்ந்தன. எனக்கு அத்தான் மீதிருந்த வெறுப்பு அந்த நேரத்தில் அறை முழுக்கப் பரவியது. வைனைச் சுழற்றுகிற அத்தான் பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது.

அக்கா அந்த அங்கிளுக்கு முன்னால் ரோல்ஸ் தட்டை நீட்டினாள்.

"அடுப்புப் பக்கம்," என்றாள். "எடுங்கோ, ஆறப்போகுது."

அவர் எடுத்தார். வேறென்ன செய்வார்?

அன்றைக்கு ஆட்கள் போன பிறகு அத்தான் அக்காவிடம், சபையில் தன்னை அவமானப்படுத்திவிட்டதாகச் சொன்னாராம். "நீங்கள் பொய் சொன்னனீங்கள், நான் திருத்தினனான்," என்று அக்கா சொன்னாளாம்.

இந்த வருடம் அத்தான் போர்த்துக்கலைப் பிடித்துக்கொண்டார். அங்கே இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்காத வைன் கிராமங்கள் இருக்கின்றனவாம். அக்கா வரமாட்டேன் என்றாள். நானும் மறுத்துவிட்டேன். என் கணவர் மட்டும் பிஸ்கட் பெட்டி இரண்டைக் கட்டிக்கொண்டு அவரோடு போனார். அண்ணைக்குத் துணை வேண்டுமாம். அந்தக் கிழமை முழுக்க அக்கா எங்கள் வீட்டில் நின்றாள். இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டோம், நேரத்துக்குப் படுத்தோம். குடும்ப வாட்ஸ்அப்பில் நாளுக்கு இருபது படங்கள் வந்து விழுந்தன. அக்கா ஒன்றையும் திறக்கவில்லை. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாடகம் பார்த்தாள். நான்தான் ஒவ்வொன்றாகத் திறந்து, விரலால் பெரிதாக்கி, அவருடைய சேட்டில் கறை இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.