ரசீது அக்கா தியானத்துக்குப் போன கதை

சலவை இயந்திரம் விற்ற வியாபாரிக்கு நான் நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தேன். இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், தெருத்தெருவாக அழுக்குத் துணி மூட்டை சுமந்தவன், முப்பத்திரண்டு வயதில் சொந்த இயந்திரம் வாங்கினான் என்றால் கடன் இல்லாமல் முடியுமா? இன்று எனக்கு மூன்று லாண்டரி, இரண்டு வண்டி. நம் கோயில் பீடத் துணியெல்லாம் பல வருடமாக என் கடையில்தான் இலவசமாக வெளுக்கிறது. ஃபாதரைக் கேட்டால் சொல்வார்.

கோயில் மாதர் சங்கத்தார் இந்த ஆண்டு மலருக்கு, பெண்கள் தியானத்தால் என்ன பயன் என்று ஓர் ஆண்பிள்ளை எழுதினால் நன்றாயிருக்கும் என்றார்கள். நான் தியானத்தில் உட்கார்ந்தவன் இல்லை. தியான இல்லத்தின் வாசலறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவன். அது போதும். என் தங்கையின் கதையை எழுதுகிறேன்.

அந்தக் கடன் கழுத்தை நெரித்த நாளில் அவள் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். "ஆறே மாசம்மா, கடன் அடையற வரைக்கும் கல்லாவுல உக்காரு" என்றேன். வேலையை விட்டுவிட்டு வந்தாள். கடன் மூன்றே வருடத்தில் அடைந்தது. அவள் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தாள். இடையில் ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு வெளியூர் வேலை. "கல்லாவை யார் பார்ப்பது?" என்று நான்தான் தட்டிக்கழித்தேன். நல்லதை மட்டும் எழுதினால் அது கதையாகாது. ஆகவே இதையும் எழுதுகிறேன்.

சம்பளம் என்று ஒன்று கிடையாது. வீட்டுப் பெண்ணுக்குச் சம்பளமா? சாப்பாடு, துணி, மருந்து, எதில் குறை வைத்தேன்? தனக்கு ஒரு சோப்பு வாங்கக் கல்லாவிலிருந்து காசு எடுத்தாலும் தன் பேரில் ரசீது போட்டு ஆணியில் குத்திவைப்பாள். வாடிக்கைக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் 'ரசீது அக்கா' என்று பேர் வைத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் கேட்டாள்.

"அண்ணே, மாதர் சங்கத்துல மூணு நாள் மௌன தியானமாம். போயிட்டு வரட்டுமா?"

"இங்கயே ஜெபம் பண்ணேன்மா. கடவுள் கல்லாவுல இல்லையா?"

"இருக்காரு. அவருக்கும் இங்க மூச்சு முட்டுதுண்ணே."

நான் சிரித்துத் தள்ளப் பார்த்தேன். என் வீட்டுக்காரி விடவில்லை. "ஏங்க, கடையை நான்தான் உண்டாக்கினேன்னு ஊரெல்லாம் தண்டோரா போடுறீங்க. மூணு நாள் கல்லாவுல உக்கார வக்கில்லையா?"

எனக்கா வக்கில்லை? "போம்மா, தாராளமா போ" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, அவள் உட்காரும் முதல் கடைக் கல்லாவில் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் நீராவிக் குழாய் போகும் சுவர். இரு பக்கமும் அலமாரி. கையை நீட்டினால் முழங்கை இடிக்கும். சன்னல் கிடையாது. வெளியே போக ஒரே வழி, இடுப்பளவு பலகைக் கதவு. காலையில் வருகிற மூட்டைகளையெல்லாம் அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம்தான் அடுக்குவோம். இடம் மிச்சமாகும் என்று நானே போட்ட திட்டம் அது. எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்பது மணிக்குள் மூட்டைகள் என் நெஞ்சுவரை ஏறிவிட்டன. பதினோரு மணிக்கு எனக்கு ஒன்றுக்கு முட்டியது. இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டேன். ஆவிச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. தொண்டை கிழியக் கத்திய பிறகு வந்து மூட்டைகளை நகர்த்தினார்.

"அக்கா இருந்தா இந்த வம்பே இல்ல மொதலாளி. காலையில வந்தா மத்தியானம் வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டாங்க."

"ஏன்?"

"மூட்டையை யாரு நகத்துறது?"

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அன்று சாயங்காலம் இன்னொரு கூத்து. மூன்று ஆஸ்பத்திரிகளின் கோட்டும் ஒரு ஹோட்டல் சமையற்கட்டின் கோட்டும் எங்களிடம் வெளுக்க வரும். எல்லாம் வெள்ளை. மை அடையாளம் தெரிகிறது என்று வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்ததால், என் தங்கை காலருக்குள் கலர் நூலில் சின்னத் தையல் போட்டு வைப்பாள். அது என் யோசனை என்றுதான் நான் வெளியே சொல்லிவந்தேன். இப்போது சிவப்பு யார், பச்சை யார், இரட்டைத் தையல் யார், ஒன்றும் தெரியவில்லை. குத்துமதிப்பாகக் கொடுத்தேன். ஹோட்டல் சமையற்காரரின் கோட்டு பல் டாக்டருக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை காலை டாக்டர் அதைத் தொளதொளவென்று போட்டுக்கொண்டே கடைக்கு வந்தார். "பாருங்க பெரியவரே, இன்னும் ரெண்டு டாக்டரை உள்ள சேத்துக்கலாம்." வாடிக்கைக்காரர்களெல்லாம் சிரித்தார்கள். மூட்டைகளுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். ஓடிப்போகக்கூட வழியில்லை.

தங்கைக்குப் போன் போட்டால் அணைத்திருந்தது. தியான இல்லத்தில் முதல் நாளே போன்களை வாங்கி வைத்துவிடுவார்களாம். மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு, அவளைக் கையோடு கூட்டிவர வண்டியை எடுத்தேன்.

வாசலறையில் ஒரு குள்ளமான சிஸ்டர்.

"தங்கச்சியைக் கூட்டிட்டுப் போகணும் சிஸ்டர். அவசரம்."

"யாராவது தவறிட்டாங்களா?"

"இல்ல."

"யாருக்காவது உடம்பு முடியலையா?"

"இல்ல சிஸ்டர், கோட்டு மாறிப்போச்சு."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "உக்காருங்க, மணி அடிச்சதும் கூப்பிடுறேன்."

ஒரு மணி நேரம். எதிரே சன்னல், அதற்கப்பால் தோட்டம். ஒரு மரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் கை இரண்டும் சும்மா கிடந்தன. யாரோ என்று நினைத்தேன். எழுந்து நடந்தபோதுதான் என் தங்கை என்று தெரிந்தது. மதில்வரை நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடி நடந்தாள். வழியில் எதுவுமே தட்டவில்லை. அவள் நீளமாக நடந்து நான் பார்த்ததே இல்லை. நான் எழுந்து சன்னலருகே போய்விட்டேன். கோட்டுக்காக அல்ல; இவள் இனிக் கடைக்குத் திரும்பமாட்டாள் என்று தோன்றியதால்.

மணி அடித்தது. உள்ளே வந்தாள். நான் மடமடவென்று எல்லாம் சொன்னேன். மௌனம் அல்லவா, அவள் வாய் திறக்கவில்லை. சிஸ்டரிடம் ஒரு தாள் வாங்கி நிறுத்தி நிதானமாக எழுதி, என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். கூடவே வரவில்லை.

எனக்குக் கூட்டெழுத்து சீக்கிரம் ஓடாது. சிஸ்டரிடம் நீட்டினேன். அவர் சத்தமாகவே படித்தார். எந்த நூல் யாருக்கு என்று வரிசையாக ஏழு வரி. கடைசியில் இப்படி இருந்தது: "ஞாயிறு சாயங்காலம் வருவேன். இனிமேல் சம்பளத்துக்குத்தான் கல்லாவில் உட்காருவேன். முடியாதென்றால் வேறு வேலை தேடிக்கொள்கிறேன்."

"யாரு சிஸ்டர் இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"இங்க யாருமே பேசுறதில்லையே ஐயா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, நான் ஆரம்பித்தேன்.

"மூணு நாளா அங்க என்னதான் பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலண்ணே. மொத நாள் பூரா காதுல கடைச் சத்தம்தான். யாரோ ரசீதுக்கு நிக்கிறாங்கன்னு மூணு தடவை எந்திரிச்சேன். ரெண்டாம் நாள் எந்திரிக்கல. உனக்குன்னு கடவுள்கிட்ட ஒண்ணு கேளுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாங்க. கடை நல்லா நடக்கணும், அண்ணன் நல்லா இருக்கணும்னு எழுதினேன். அதை அடிச்சுட்டேன். அப்புறம் எனக்குன்னு ஒண்ணுமே தோணல. அதை நெனச்சுத்தான் அழுதேன்."

"குடும்பத்துக்குள்ள சம்பளம் பேசினா ஊர் சிரிக்கும்மா."

"இஸ்திரிக்காரருக்கு எவ்வளவு குடுக்கறீங்க?"

சொன்னேன்.

"அதே எனக்கும். வாரம் ஒரு நாள் லீவு. மூட்டை இனி கதவுகிட்ட வரக் கூடாது."

"அதுல பாதி?"

"வக்கீல் ஆபீஸ்ல இப்பவும் ஆள் தேடுறாங்களாம்."

வீட்டுக்காரி கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பேரத்தில் தோற்றதே கிடையாது. இயந்திர வியாபாரியிடமே வட்டியைக் குறைத்தவன். அன்று தோற்றேன். அந்த வாசலறைச் சன்னலில் பார்த்ததை வைத்துக்கொண்டு எப்படி மேலே பேசுவது? மறுநாள் விடிந்ததும் மூட்டைகளை எதிர்ச் சுவருக்கு நானே தூக்கிப் போட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, அது வேறு விஷயம்.

நம் வீட்டுப் பெண்களை எந்த இடத்தில் பூட்டி வைத்திருக்கிறோம் என்பது, அவர்கள் மூன்று நாள் இல்லாதபோது அந்த இடத்தில் போய் நின்றால்தான் ஆண்களுக்குத் தெரியும். என் வயது ஆட்கள் யாருக்காவது சந்தேகம் இருந்தால் அடுத்த தியானத்துக்கு வீட்டுப் பெண்ணை அனுப்பிப் பாருங்கள்.

மாதம் முடிந்தது. சம்பளத்தை ஒரு கவரில் போட்டு நீட்டினேன். வாங்கவில்லை. கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"கவர் வேண்டாண்ணே. கையில எண்ணி வைங்க."

வலது கையை விரித்து நீட்டினாள். நூல் தைத்துத் தைத்து ஆள்காட்டி விரல் நுனி காய்த்திருந்தது. நான் எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக, எல்லார் காதிலும் விழும்படி எண்ணி, அந்த உள்ளங்கையில் வைத்தேன்.