என் பெயரில் தம்பி அடித்த கோல்கள்

தம்பி கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. அவனைவிட ஒன்பது வயது மூத்த நான் அவனுக்கு நினைவுக் கட்டுரை எழுத நேர்ந்தது முறையல்ல. ‘அவர்’ என்று எழுதும்படி பிள்ளைகள் சொன்னார்கள். இரண்டு பக்கம் அப்படி எழுதிப் பார்த்தேன்; யாரோ அந்நியரைப் பற்றி எழுதியதுபோல் இருந்தது. கிழித்துவிட்டேன். பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

முடிச்சூரில் ஐந்து பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தான். அப்பா தாம்பரத்தில் ரயில்வே கலாசி. அவருக்கு மதியச் சாப்பாடு எடுத்துப் போகும் வழியில் மைதானம் இருந்தது. தூக்குச் சட்டியைக் கோல் கம்பத்தடியில் வைத்துவிட்டுத் தம்பி ஆடப் போய்விடுவான். அப்பா பல நாள் ஆறிய சோறுதான் சாப்பிட்டார். ஆனாலும் ஒருநாளும் அவனை அடித்ததில்லை.

இருபது வயதில், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அலுவலக அணிக்கு சென்டர் ஃபார்வர்டு. வரும் பந்தை நிறுத்தாமல் அப்படியே அடிப்பான். காரணம் கேட்டேன். “நிறுத்துனா கோல்கீப்பர் யோசிக்க ஆரம்பிச்சுடுவாண்ணா” என்றான். பதினொரு லீக் பருவங்களில் நூற்று இருபத்து மூன்று கோல்கள். அவை பத்திரிகைகளில் வந்தவை. அவற்றைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. பத்திரிகையில் வராத கோல்களைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது. அவை யாருடையவை என்பது இந்த நினைவு மலரிலாவது பதிவாக வேண்டும்.

ஆண்டுதோறும் கோடைக்கு முன் கேரளாவில் மலப்புறம் பக்கம் செவன்ஸ் ஆட்டங்கள் நடக்கும். அணிக்கு ஏழு பேர். சுற்றிலும் மூங்கில் கேலரியில் ஆயிரக்கணக்கானோர். வெளியூரிலிருந்து நல்ல ஆட்டக்காரர்களை அழைத்து ஆட வைப்பார்கள். ஆனால் அலுவலகத்தில் வேலை கொடுக்கப்பட்டவன் வெளி அணிக்கு ஆடக் கூடாது. தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் போகிறவர்கள் எல்லாரும் வேறு பெயரில் ஆடுவது வழக்கம். முதல் ஆட்டத்தன்று மைக்கில் அறிவிக்கத் தம்பியிடம் பெயர் கேட்டிருக்கிறார்கள். சட்டென்று வாய்க்கு வந்தது என் பெயர். அன்றிலிருந்து மலப்புறத்துக்கு அவன் சாலமன்.

பந்தை ஒருமுறைகூட ஒழுங்காக உதைத்திராத கணக்கு வாத்தியாரான நான், அங்கே ஐந்து பருவங்களில் தொண்ணூற்றாறு கோல்கள் அடித்தேன். ஒவ்வொரு முறை ஊர் திரும்பியதும், “உன் கணக்குல மூணு ஏறிடுச்சுண்ணா” என்று சிரித்துக்கொண்டே சொல்வான். அவன் கால்களைப் பற்றியும் வேலையைப் பற்றியும் எனக்கு ஓயாத கவலை. அம்மா, “அவனே சும்மா இருக்கான், நீ ஏண்டா பொலம்புற?” என்பார்.

அந்த ஐந்தாம் பருவத்தில்தான் நடந்தது. அலுவலக அணியின் பின்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் வெளி அணிக்கு ஆடியது தெரிந்து பணியிடை நீக்கம் செய்யப்பட்டிருந்தார். தம்பியோ காய்ச்சல் என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மலப்புறம் போய், வீங்கிய கணுக்காலோடு ஞாயிறு காலை வந்திறங்கினான். நாங்கள் எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தோம். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கைப்பையுடன் வந்து, “ஃபுட்பால் பிளேயர் சாலமன் வீடு இதுதானே?” என்று கேட்டிருக்கிறார். விசாரணைக்கு அலுவலகத்திலிருந்து ஆள் வந்துவிட்டது என்று தம்பி நினைத்துக்கொண்டான். சுவரில் மாட்டியிருந்த என் பட்டமளிப்புப் படத்தைக் காட்டி, “சாலமன் எங்க அண்ணன் சார். ஸ்கூல்ல கணக்கு வாத்தியார். அவர் பந்த தொட்டதே கிடையாது. நீங்க ஆள் மாறி வந்துட்டீங்க” என்று சொன்னான். வந்தவர் படத்திலிருந்த என் மூக்குக் கண்ணாடியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் கல்கத்தாவின் பெரிய கிளப் ஒன்றுக்கு ஆள் தேடி வந்தவர். மறுமாதம், முகவரி கொடுத்து அவரை அனுப்பிய செவன்ஸ் அணியின் மேலாளர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். கூட ஆடும் பாஸ்கர் வீட்டுக்கே வந்து, “இன்னா மச்சான், அவ்ளோ தூரத்துலேர்ந்து உன்ன தேடிக்கினு வந்திருக்கான், தண்ணி குடுத்து அனுப்பிச்சிருக்கியே” என்றார். தம்பி சிரிக்கத்தான் செய்தான். பாஸ்கர் போன பிறகு அடுக்களையில் என்னிடம், “நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்லண்ணா” என்றான்.

இரண்டாண்டுகள் கழித்து, முப்பத்தோராம் வயதில், வேலையை ராஜினாமா செய்துவிட்டு கோவாவில் ஒரு தொழில்முறை கிளப்பில் சேர்ந்தான். முதன்முறையாகச் சொந்தப் பெயரில், சம்பளத்துக்கு ஆடினான். கால்கள் அதற்குள் தேய்ந்துவிட்டிருந்தன. இரண்டு பருவங்களில் பதினொரு கோல்கள். பிறகு முழங்காலில் தசைநார் அறுந்து ஊர் திரும்பினான். கல்கத்தாவுக்கு இருபத்தொன்பது வயதில் போயிருந்தால் எத்தனை அடித்திருப்பான் என்று நான் போட்ட கணக்குகளை இங்கே எழுதவில்லை. அவை வெறும் கணக்குகள்.

கடைசிப் பத்தாண்டுகள் மேடவாக்கத்தில் ஒரு செயற்கைப் புல் மைதானத்துக்கு மேற்பார்வையாளர். கம்பெனிப் பிள்ளைகள் வந்து ஆடுவார்கள். “அங்கிள், நீங்க ஆடியிருக்கீங்களா?” என்று ஒருவன் கேட்டதற்கு, “கொஞ்சம்” என்றானாம். முடிச்சூர் வீட்டில் வெள்ளம் புகுந்தபோது பதினேழு கோப்பைகளில் பதின்மூன்று போய்விட்டன. அதற்கும் அவன் புலம்பவில்லை. நான்தான் சேற்றில் துழாவிக்கொண்டிருந்தேன். பிறகு சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். மனைவி பக்கத்தில் இருக்க, தூக்கத்திலேயே அடங்கினான்.

நோயில் உடனிருந்த தம்பி மனைவிக்கும், இரத்தம் கொடுத்த மைதானத்துப் பிள்ளைகளுக்கும், எந்த நேரம் கூப்பிட்டாலும் ஆட்டோவோடு வந்த எதிர்வீட்டு முருகனுக்கும், ஜெபித்த போதகர் ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அடக்கத்தன்று மலப்புறம் பக்கத்து மஞ்சேரியிலிருந்து ஒரு பெரியவர் மலர்வளையத்துடன் வந்தார். அந்நாளில் மூங்கில் கேலரியில் உட்கார்ந்து தம்பியின் ஆட்டம் பார்த்தவர்; தம்பியோடு செவன்ஸ் ஆடிய கோல்கீப்பர் அவருக்குச் செய்தி சொல்லியிருக்கிறார். வளையத்தின் நாடாவில் ‘சாலமனுக்கு அஞ்சலி’ என்று என் பெயர் இருந்தது. உறவினர்கள் பதறி, அதைக் கத்தரிக்கச் சொன்னார்கள். நான் அவரை ஓரமாக அழைத்துப் போய், சாலமன் நான்தான் என்று சொன்னேன். அவர் குனிந்து என் கால்களைப் பார்த்தார். “இல்ல” என்றார். “சாலமன் அங்க படுத்திருக்கு.”

பிறகு பெட்டியருகே போய் நின்று, என் பெயரைச் சொல்லித் தம்பியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதார். நான் யாரையும் நாடாவைத் தொட விடவில்லை.