பன்றி வராத இடம்

கடலிலும் காட்டுப்பன்றி உண்டு என்று நம்பியவன் நான். அதற்குக் கோரைப்பல் இருக்கும், வரப்பை முட்டித் தள்ளுவதுபோல வள்ளத்தையும் முட்டிக் கவிழ்க்கும் என்று நம்பினேன். யாரும் சொல்லித் தரவில்லை. இந்த அளவு முட்டாள்தனத்தை ஒருவன் சொந்தமாகத்தான் விளைவித்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், மூன்றாவதோ நான்காவதோ படித்துக்கொண்டிருந்தேன். சத்தியமங்கலத்துக்கு அப்பால், மலையடிவாரத்தில் எங்கள் கடலைக்காடு. அந்த வருஷம் கடலை போட்டது நாங்கள், தின்றது பன்றிகள். ராத்திரியெல்லாம் தகரம் தட்டிக் காவல் இருந்த அப்பாவுக்கு, காய் பிடுங்கி முடிந்த பிறகும் தூக்கம் திரும்பி வரவில்லை. சருகு அசைந்தால் எழுந்துவிடுவார். ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்காலியில் கண்ணயர்ந்தவர், பக்கத்தில் யாரோ அப்பளம் நொறுக்கிய சத்தத்துக்கு ‘ஓய்!’ என்று கத்தியபடி எழுந்து நின்றார். மாப்பிள்ளை வீட்டார் மிரண்டுபோனார்கள். நாங்கள் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

அம்மா தன் தம்பியிடம் சொன்னாள்: “பன்னி வராத எடமாப் பாத்து உங்க மச்சானக் கூட்டிட்டுப் போ சாமி. ஒரு பொழுதாவது கண்ண மூடட்டும்.”

“அப்படீன்னா கடல்தானுங்க்கா,” என்றார் மாமா.

மாமா கோயமுத்தூரிலிருந்து தூத்துக்குடிக்கு நூல் பேல் ஏற்றிப்போகும் லாரி டிரைவர். உக்கடத்தில் எங்களை ஏற்றிக்கொண்டார். “டால்பின் காட்டறேன் மாப்ள,” என்று எனக்கு ஆசை காட்டினார். என் பென்சில் டப்பா மூடியில் ஒரு டால்பின் மூக்கில் பந்து வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும். ஆகவே எங்கள் குடும்பம் டால்பின் பார்க்கப் போகிறது என்று முடிவு கட்டினேன். தூக்கத்துக்காகவா யாராவது அவ்வளவு தூரம் போவார்கள்?

தூத்துக்குடியில் மாமாவுக்குப் பழக்கமான ஒருவரின் மோட்டார் வள்ளம். கரை பின்னால் மெலிந்து கோடானது. இன்ஜின் ஒரே தாளத்தில் டபடபத்தது. அப்பா வலைக்குவியலில் சாய்ந்தார். வாய் லேசாகத் திறந்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டை. அம்மா முந்தானையைப் பிடித்து அவர் முகத்துக்கு வெயில் மறைத்தாள். மாமாவைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். மாமா பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

தூரத்தில் ஆலாப் பறவைகள் வெள்ளை வெள்ளையாகச் சுற்றின. ஒவ்வொன்றும் எறிந்த கல்லைப்போலத் தண்ணீரில் விழுந்து, மீனோடு எழுந்தது. வள்ளக்காரர் இன்ஜினை அமர்த்திவிட்டு மெல்லச் சொன்னார்: “ஆலா விழுதுல்லா, கீழ மீன் கெடக்கு. இருங்க, இப்பக் கடல்பன்னி வரும்.”

டால்பினைத்தான் அவர் அப்படிச் சொன்னார். எனக்கு அது எப்படித் தெரியும்? பன்றி கடலைக்கு வரும் என்பது தெரியும். கடலுக்கும் வருமா?

வந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு. அதன் பின்னால் இன்னொன்று. ‘புஸ்’ஸென்று ஒரு மூச்சு. ஏறுவதற்கு மரம் தேடினேன், நடுக்கடலில். மாமாதான் கிடைத்தார். அவர் தோளில் பாதி ஏறிய நிலையில் கத்தினேன்:

“அப்பா! பன்னி! பன்னி வந்துருச்சு!”

அப்பா கண்ணைத் திறக்கும் முன்பே எழுந்துவிட்டார். “எந்தப் பக்கம் கண்ணு? வரப்புத் தாண்டிருச்சா?” வள்ளத்தில் தண்ணீர் இறைக்கும் தகர டப்பா கையில் அகப்பட்டது. அதை வள்ளத்தின் விளிம்பில் டம்டம்மென்று அறைந்து, “ஓஓய்! ஓடு! ஓஓய்!” என்று கடலை அதட்டினார். நானும் சோறு கொண்டுவந்த தூக்குப்போசியின் மூடியைத் தட்டி அவருக்குத் துணை நின்றேன்.

“ஏ அண்ணாச்சி, நிறுத்துங்க! என்னமும் செய்யாது! எல்லாம் ஓடிப்போயிரும்லா!” வள்ளக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஓடித்தான் போயின. ஆலாக்களும் வேறு பக்கம் போய்விட்டன. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஏனுங்க மச்சான், கடலுக்கே காவலுங்களா!”

அப்பா சுற்றிலும் தண்ணீரைப் பார்த்தார், கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

“சித்த படுங்க. கரைக்கு இன்னும் நேரமிருக்குது,” என்றாள் அம்மா.

“இல்ல அம்மணி. தூக்கம் போயிருச்சு.”

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பாவம், டால்பினைச் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கென்னவோ பயம் தீர்ந்துவிட்டது, அப்பா விழித்திருக்கிறார் அல்லவா. அம்மா மடியில் தலைவைத்து நன்றாகத் தூங்கிப்போனேன்.

கரை வரும்வரை அப்பா கண்ணை மூடவில்லை.