நின்ற இடத்திலேயே ஓடிய வண்டி

கார் சர்வீஸ் சென்டருக்கு வருகிற வண்டியோடு, வண்டிக்காரரின் பயமும் சேர்ந்துதான் வந்து இறங்கும்.

தாம்பரம் பக்கத்தில் ஒரு சென்டரில் நான் சர்வீஸ் அட்வைசர். இப்போது சில பெட்ரோல் வண்டிகளில் சைலன்சர் குழாயோடு ஒரு ஃபில்டர் வருகிறது. புகையிலிருக்கும் பொடிக்கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி நல்ல சூட்டில் நீளமாக ஓடினால் அந்தக் கரி தானாகவே எரிந்துபோகும். ஓடாவிட்டால் அடைத்துக்கொள்ளும். இதை ஒரு நாளைக்குப் பத்து பேரிடம் சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும். நானோ, தூங்கும் மகளின் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிற ரகம். இதை எழுத உட்கார்ந்த பிறகே இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன். உங்கள் வீட்டிலும் கைக்குழந்தை இருந்தால் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

அணைத்த பிறகும்

மாடம்பாக்கத்திலிருந்து ஒரு கணக்கு வாத்தியாரும் மனைவியும் வந்தார்கள். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய கறை அப்படியே இருந்தது. விஷயம் இதுதான்: செங்கல்பட்டுவரை போய்விட்டு வந்து, வீட்டு வாசலில் வண்டியை அணைத்துச் சாவியை எடுத்த பிறகும் உள்ளே ஏதோ பெருமூச்சு விடுகிறதாம். கூடவே ஒரு தீய்ந்த வாடை. பிறகு டிக், டிக் என்று யாரோ நகத்தால் தட்டுகிற சத்தம்.

ஃபில்டரில் கரி எரிந்திருக்கும், அந்தச் சூட்டைத் தணிக்க ஃபேன் கொஞ்ச நேரம் ஓடும், குழாய் ஆறும்போது இரும்பு சுருங்கித் தட்டும், வண்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம் என்றேன். வாத்தியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எல்லாம் சரிம்மா. ஆனா நாங்க உள்ள போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட பிறகுதானே அது நிக்குது. அதுக்கு என்ன சொல்றீங்க?"

பொட்டு

கிழக்குத் தாம்பரத்து அக்கா ஒருவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் கூட்டிவரவும் மட்டும் வண்டி எடுப்பார். இந்தத் தெருவில் ஏறி அந்தத் தெருவில் இறங்குகிற தூரம். என்ஜின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். இப்படி ஓடினால் கரி சேர்ந்துகொண்டே போகும், எரிய வழியே இல்லை. வண்டி இழுக்கவில்லை என்று கொண்டுவந்தார். எங்கள் மெக்கானிக் செல்வம் அண்ணா உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். டேஷ்போர்டில் ஃபில்டர் விளக்கு எரிய வேண்டிய இடத்தில் ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு. அதன் ஓரமெல்லாம் மஞ்சள் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது.

வாரம் ஒரு தடவை வெளிவட்டச் சாலைக்குக் கொண்டுபோய், ஒரே சீராக அரைமணி நேரம் ஓட்டுங்கள், நடுநடுவே கியரிலேயே வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து உருள விடுங்கள், அப்போதுதான் உள்ளே காற்றுப் போய்க் கரி எரியும் என்றேன். கேட்டுக்கொண்டார். ஏன்க்கா மறைச்சீங்க என்றேன். ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பிள்ளைய விட்டுட்டுத் தனியா வரும்போது ஒத்தக் கண்ணத் திறந்து என்னையே பாக்கற மாதிரி இருந்துச்சு மேடம். அதான் மூடிட்டேன்."

கருகிய இடம்

பம்மலில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர் ஒருவர். திண்டிவனத்துக்கு அடிக்கடி போய் வருவார். திரும்பி வந்து பட்டறைக்குப் பக்கத்துக் காலிமனையில் வண்டியை விடுவார். மறுநாள் வண்டியை எடுத்தால், அடியில் புல் கருகி ஒரு வட்டம். இடத்தை மாற்றி விட்டாலும் அதே வட்டம். மனையில் மூன்று கருவட்டங்கள் ஆனதும் அக்கம்பக்கத்தார் அந்தப் பக்கம் நடப்பதையே விட்டுவிட்டார்களாம்.

நீள ஓட்டத்துக்குப் பிறகு ஃபில்டர் நெருப்பாகக் கொதிக்கும், காய்ந்த புல்மேல் நிறுத்தவே கூடாது, வட்டத்தோடு போனது உங்கள் அதிர்ஷ்டம் என்றேன். அவருக்கு நிம்மதி வரும் என்று பார்த்தால் முகம் இன்னும் தொங்கிப்போனது. "பேய்ன்னா பூசாரி பாத்துக்குவாரு மேடம். சைலன்சர்னா நான்ல பாத்துக்கணும். இன்னா பேஜார் இது."

எங்கும் போகாத வண்டி

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததும் இதனால்தான்.

கீழ்க்கட்டளைக்காரர் ஒருவர், ஐ.டி. வேலை, அமைதியான மனிதர். அலுவலகத்துக்கு பைக்கில்தான் போவார். கார் ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஒரு மாதத்துக்குள் இரண்டாவது தடவையாக ஃபில்டர் அடைத்துக்கொண்டு வந்தது. செல்வம் அண்ணா ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். ஓடிய தூரம் கொஞ்சம்தான். என்ஜின் ஓடிய நேரம் மட்டும் மலையளவு. "இந்த வண்டி எங்கியும் போவல மேடம். நின்ன எடத்துலயே தினம் ஓடிகினு கீது," என்றார்.

கீழ்க்கட்டளைக்காரரிடம் விசாரித்தேன். வண்டி நிற்பது வீட்டோடு ஒட்டிய கராஜில். ஜன்னல் கிடையாது, இழுத்து மூடுகிற ஷட்டர். சாவி ஹாலில் ஆணியில் தொங்கும். பகலில் வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும்தான். ஃபில்டரைச் சுத்தம் செய்து அன்று சாயங்காலமே வண்டியைக் கொடுத்துவிட்டோம். சாவியை வாங்கியவர் கையில் அதைத் தொங்கவிட்டபடியே நின்றார். "என் வைஃபுக்கு டிரைவிங்கே தெரியாது மேடம். அப்போ யார் என் வண்டில உட்கார்ந்திருக்காங்க?"

கிலுகிலுப்பை

மறுநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தேன். செல்வம் அண்ணா ஒரு கிலுகிலுப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அந்த வண்டியின் பின்சீட்டுக்கு அடியில் கிடந்ததாம், கொடுக்க மறந்துவிட்டாராம். கூடவே ஒரு சின்னத் துணி. பால் வாடை அடித்தது. என் வீட்டுத் துணிகளில் அடிக்கிற அதே வாடை.

வண்டியைக் கிளப்ப டிரைவிங் தெரிய வேண்டியதில்லை. சாவியோடு உட்கார்ந்து பட்டனை அழுத்தினால் போதும். ஜன்னல் இல்லாத கராஜ். மத்தியானம், குழந்தைகள் தூங்குகிற நேரம். எங்கள் கான்வென்ட் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த ஜெபம் வாயில் தானாக வந்தது. நான் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள்.

அந்த வண்டியின் வேலை அட்டையில் இரண்டாவதாக இருந்த போன் எண்ணைப் போட்டேன். ரொம்ப நேரம் அடித்தது. எடுத்தது ஒரு பெண். சர்வீஸ் சென்டரிலிருந்து பேசுகிறேன் என்றதும் கிசுகிசுப்பாகச் சொன்னாள்: "மெதுவா பேசுங்கக்கா, இப்பதான் தூங்கினான்." பின்னால் ஏ.சி.யின் உறுமல். எங்கே இருக்கிறாய் என்றேன். காரில்தானாம். என்ஜின் அதிர்வு இருந்தால்தான் குழந்தை தூங்குகிறானாம். பெட்ரோல் வீணாகிறது என்று திட்டுவாரோ என்று வீட்டுக்காரரிடம் சொல்லவில்லையாம். ஷட்டர்? கொசு வரும் என்று மூடியிருக்கிறாளாம்.

"ஒண்ணும் ஆகாதுக்கா," என்றாள். "புகையை ஃபில்டர் பிடிச்சுக்கும்னு வண்டி குடுக்கும்போதே சொன்னாங்க. கொஞ்ச நாளா தலைவலிதான் உயிர் போகுது."

அது பிடிப்பது கரியை மட்டும்தான், கண்ணுக்குத் தெரியாத விஷவாயுவை எந்த ஃபில்டரும் பிடிக்காது, வண்டியை அணை, பிள்ளையைத் தூக்கு, ஷட்டரைத் திற, தெருவுக்கு ஓடு என்றேன். நான் கத்தியதாகப் பிறகு செல்வம் அண்ணா சொன்னார்.

உறுமல் நின்றது. கதவு. செருப்புச் சத்தம். ஷட்டர் ஏறுகிற கரகரப்பு. பிறகு தெருச் சத்தம், எங்கோ ஒரு ஆட்டோ ஹாரன். குழந்தையின் சத்தம் மட்டும் இல்லை. "தட்டு, முதுகில தட்டு," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மேசையிலிருந்த கிலுகிலுப்பையை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் ஆட்டினேன்.

அப்புறம் அழுதான். வீல் என்று, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி. அவளுக்கு இன்னும் பயம் உறைக்கவில்லை போல. சலிப்போடு சொன்னாள்: "பாருங்கக்கா, எழுந்துட்டான். இனி சாயங்காலம் வரைக்கும் தூங்கவே மாட்டான்."

அன்றே டாக்டர் பார்த்துவிட்டார், இருவரும் நலம்; ஆக ஃபில்டர் வைத்த வண்டிக்காரர்களே, வாரம் ஒரு தடவை நீளமாக ஓட்டுங்கள், வேறு ஆயில் ஊற்றி ஃபில்டரை அடைக்காமல் வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிற ஆயிலையே ஊற்றுங்கள், விளக்குக்குப் பொட்டு வைக்காதீர்கள், மூடிய கராஜில் வண்டியை ஓடவிடாதீர்கள், மற்றபடி ராத்திரியில் எழுந்து போய்ப் பிள்ளையின் மூக்கடியில் விரல் வைக்கிற கோளாறுக்கு எங்கள் சென்டரில் இன்னும் சர்வீஸ் கிடையாது.