மதினி சொல்லாத வலி

மதினியை நினைத்தால் அவள் தண்ணீர் குடிக்கும் விதம்தான் முதலில் கண்முன் வரும். சொம்பை அண்ணாந்து தூக்குவாள். ஒரு மடக்கு உள்ளே போனதும் கீழே வைத்துவிடுவாள். நாக்கு நனைந்தால் போதும் என்பாள். மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் நண்டுச் சதை எடுக்கும் கம்பெனியில், என் அண்ணன் மனைவியான அவளும் நானும் ஒரே மேசையில் நின்று வேலை பார்த்தோம். அவித்த நண்டின் ஆவியும் ஐஸின் குளிரும் மாறி மாறி அடிக்கும் அந்தக் கொட்டகையில் எல்லோரும் பெண்கள். கழிப்பறைச் சாவி மட்டும் மேலாளர் அறையில் இருந்தது. ஆண்கள் உட்கார்ந்திருக்கும் அந்த அறைக்குப் போய்ச் சாவி கேட்பதைவிடத் தாகத்தைப் பொறுத்துக்கொள்வது எங்களுக்கு எளிதாக இருந்தது.

மதினிக்கு நீர்க்கடுப்பு அடிக்கடி வரும். சூட்டு உடம்பு என்று தானாகவே முடிவுகட்டி வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பாள். அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக் கடையில் பழைய அட்டையைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிக்கொள்வாள். எரிச்சல் குறைந்ததும் மிச்சத்தை அடுத்த தடவைக்கென்று எடுத்துவைத்துவிடுவாள். அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது. கடலுக்குப் போய் அலுத்து வருகிற மனுசனிடம் இதையா சொல்வது என்பாள்.

ஒரு மழைக்காலத்தில் மேசையருகே நின்றிருந்தவளுக்கு உடம்பு உதறத் தொடங்கியது. ஐஸ் குளிர் என்றுதான் நினைத்தேன். கையைத் தொட்டால் கொதித்தது. இடுப்புக்கு மேலே முதுகைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணனும் நானும் அவளை ராமநாதபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊசி போட்டார்கள், மருந்து ஏற்றினார்கள். மறுநாளும் காய்ச்சல் இறங்கவில்லை. கண் உள்வாங்கிப்போய்க் கிடந்தவள் என் கையைப் பிடித்து, "சின்னவளுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்க மறந்துறாத, தாயி" என்றாள். இளைய மகளை என் பொறுப்பில் விட்டு அவள் எதற்குத் தயாராகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

இதற்கு முன்னால் எத்தனை தடவை வந்தது, என்ன மாத்திரை சாப்பிட்டாள் என்று டாக்டரம்மா கேட்டார். மதினி சுவரைப் பார்த்துக்கொண்டாள். அண்ணன் முன்னால் எனக்கும் வாய் வரவில்லை. அதிர்ந்து பேசியே பழகிய அண்ணன் கட்டிலோரம் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லு புள்ள. நான் இங்கனதான் இருக்கேன். இதக் கேக்குறதுல எனக்கு ஒரு சங்கடமும் இல்ல."

மதினி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுதாள். அன்று பரிசோதனைக்கு எடுத்த சிறுநீர்க் குப்பியை அண்ணனே வாங்கி, இரண்டு கையாலும் பிடித்தபடி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்துத்தான் எந்த மருந்து கேட்கும் என்று சொல்ல முடியுமாம். முடிவு வந்தது. அவள் வாங்கி வாங்கிச் சாப்பிட்ட மாத்திரைகளில் ஒன்றுகூட அந்தக் கிருமியை அசைக்காது. நரம்பில் ஏற்றுகிற ஓரிரு மருந்துகள்தான் மிச்சம் என்றார் டாக்டரம்மா. மருந்தை மாற்றினார்கள். பிறகு ஒரு காலையில் அவள் நெற்றி வியர்த்திருந்தது. கஞ்சி வேண்டும் என்று கேட்டாள். அண்ணன் வராந்தாவுக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார்.

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய அன்றே மதினி மேலாளர் அறை வாசலில் போய் நின்றாள். "சாவியக் குடுங்கண்ணே, ஒண்ணுக்குப் போகணும்" என்று கொட்டகைக்கே கேட்கும்படி சொன்னாள். சிலர் குனிந்து சிரித்தார்கள். அவள் திரும்பி வந்ததும் அடுத்த மேசைப் பெண் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு எழுந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கொஞ்ச நாளில் அந்தக் கதவைப் பூட்டுவதையே விட்டுவிட்டார்கள்.

நோய் அத்தோடு போய்விடவில்லை. போன கோடையில் மறுபடி எரிச்சல் தொடங்கியது. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உப்புக் குறைவு என்று சொல்வதுபோல மதினி அதைச் சொன்னாள். மாத்திரை வாங்கி வரவா என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் கை கழுவிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வருவோம் என்றார்.

இருவரும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். எங்கே போனாலும் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டு, மனைவி வந்து சேரும்வரை நின்று திட்டுகிற மனிதர் அண்ணன். அன்று மதினியின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, அவள் பக்கத்திலேயே போனார்.