பூவரசனின் அரை மணி நேரம்

பூவரசனுக்கு எதையும் இருந்தபடி விட்டுவைக்கத் தெரியாது. கல்யாணமான புதிதில், சத்தத்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று மாமனார் வீட்டு மிக்சியைக் கழற்றினான். திரும்ப மாட்டி முடித்தபோது தரையில் இரண்டு திருகாணி மிச்சம். ஒரு டீயை உட்கார்ந்து முழுதாகக் குடித்ததாகச் சரித்திரம் இல்லை. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் நண்டு வாங்கிப் பைக்கில் பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது அவன் தொழில். பன்னிரண்டு வருடமாக அந்த ஓட்டம். இந்தக் காலுக்கு இதுதான் லாயக்கு என்பாள் அவன் மனைவி மாலா.

நண்டு உயிரோடு போய்ச் சேரவேண்டும். செத்ததை மார்க்கெட் வியாபாரி கையால்கூடத் தொடமாட்டார். அதனால் பெண்கள் நண்டின் கொடுக்கைத் துணியால் இறுக்கிக் கட்டித் தருவார்கள். யாருடைய நண்டு என்று தெரிய ஆளுக்கொரு நிறம். இந்திராணியுடையது சிவப்பு. இடுப்பளவுச் சேற்றில் இறங்கி, பொந்து பொந்தாகக் கைவிட்டுப் பெரிய நண்டாகப் பிடிப்பவள். பூவரசனை நம்பி முதல்முதலில் கூடையைக் கொடுத்தவளும் அவள்தான்.

போன சித்திரையில் அவனுக்கு ஏழரை வேன் ஏறி வந்தது. சுண்ணாம்புக்குளம் பக்கத்து ஆள் ஒருவர், உள்ளே ஜில்லென்று இருக்கும், ஒரு நண்டும் சாகாது என்று மூடிய வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். வெயிலில் தினம் இரண்டு மூன்று நண்டு செத்துக்கொண்டிருந்த சமயம். பெண்கள் மனசு ஆடிப்போயிற்று. பூவரசன் குறுக்கே போய் நின்றான். இனி அரை மணி நேரம் முன்னாலேயே பொன்னேரி போய்விடுவேன், ஒரு வாரம் பொறுங்கள் என்று கெஞ்சினான். சனிக்கிழமை வரைக்கும் பார்க்கலாம் என்றாள் இந்திராணி. மற்றவர்கள் அவள் பேச்சைத்தான் கேட்பார்கள்.

அன்றைக்கே சென்னைக்கு ஓடி, பைக் வேகம் பிடிக்க ஒரு திறந்த ஏர் ஃபில்டரும் மேல்நோக்கி வளைந்த சைலன்சரும் வாங்கிவந்து, வாசலில் உட்கார்ந்து தானே மாட்டினான். கிளப்பியதும் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரை ஏறிவிட்டன. ஆனால் வண்டி முறுக்கினால் பாய்ந்தது, நடுவில் இருமியது, கையை விட்டால் படபடவென்று வெடித்தது.

பழவேற்காட்டில் மெக்கானிக் ஜேம்ஸ் காதைச் சாய்த்துக் கேட்டார். "காத்து நெறைய உள்ள போவுது, பொகை சீக்கிரமா வெளிய போவுது. பெட்ரோல் மட்டும் பழைய அளவுதான் வருது. இஞ்சின் கொதிக்கும்பா. கார்பரேட்டர்ல பெட்ரோல் விடுற ஜெட்டைப் பெருசாப் போட்டு டியூன் பண்ணணும்."

ஜெட் வெள்ளிக்கிழமைதான் வரும், அதுவரைக்கும் பழையதை மாட்டு, இல்லாவிட்டால் முறுக்காமல் மெதுவாக உருட்டிக்கொண்டு போ என்றார். அன்று செவ்வாய். உருட்டிக்கொண்டு போவதற்கா இத்தனை பாடு? அவ்வளவு பொறுமை இருந்தால் அவன் பூவரசனே இல்லை.

புதன்கிழமை காலை கூடையை ஈரச்சாக்கு போட்டுக் கட்டினான். பெரிய நண்டு கனம் என்பதால் இந்திராணியுடையதை எப்போதும்போல வலப்பக்கம் அடுக்கினான். வண்டி வெடித்துக்கொண்டே பறந்தது. வழியில் வலதுகால் சுட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டான். மார்க்கெட்டில் இறங்கிப் போனைப் பார்த்தால், வழக்கத்தைவிட இருபத்தெட்டு நிமிடம் முன்னால். சந்தோஷத்தில் அதை அங்கே மூன்று பேரிடம் சொன்னான்.

வியாபாரி சாக்கை விலக்கினார். சைலன்சர் பக்கம் சாக்கு காய்ந்து கருகியிருந்தது. அதை ஒட்டியிருந்த நண்டு ஒன்றும் அசையவில்லை. சிலவற்றின் கால்கள் சிவந்திருந்தன. அத்தனையும் சிவப்புத் துணி கட்டியவை.

திரும்பும்போது, வழியில் கால்வாயில் கொட்டிவிட்டு ஏதாவது கதை சொல்லலாமா என்று இரண்டு தடவை வண்டியை நிறுத்தினான். மனசு வரவில்லை. கொண்டுபோய் இந்திராணி முன்னால் வைத்தான். அவள் ஒன்றைத் திருப்பி முகர்ந்து பார்த்தாள்.

"வெந்துருக்குது பூவரசா."

காற்று, பெட்ரோல், ஜெட் என்று மூச்சுவிடாமல் விளக்கினான். அவள் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குச் சோறாவது இறங்கியிருக்கும். அடுத்த இரண்டு நாளும் நண்டு ஏற்றவில்லை, வீட்டுக்கும் ஏரிக்கும் நடந்துகொண்டே இருந்தான்.

வெள்ளிக்கிழமை ஜேம்ஸ் ஜெட்டை மாற்றி, ஸ்குரூவைக் கால் திருப்பு, அரைத் திருப்பாக வைத்து டியூன் செய்தார். சைலன்சரை இறக்கி, மேலே தகடும் அடித்தார். இருமல் போயிற்று, வெடி போயிற்று. வாங்கிய நாளில்கூட வண்டி இப்படி ஓடியதில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் குப்பத்துக்குப் பறந்தான். வேன் அவனுக்கு முன்னால் வந்து நின்றிருந்தது. பெண்கள் வரிசையாகக் கூடையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் பார்க்கப் பார்க்க இந்திராணியும் தன் கூடையை உள்ளே தள்ளினாள். பிறகு அவனிடம் வந்தாள்.

"வண்டி சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுக்கா. இப்ப சூடே இல்ல. தொட்டுப் பாரேன்."

அவள் குனிந்து கூடை வைக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். தலையாட்டினாள். பூவரசனுக்கு உயிர் வந்தது. அவள் வீட்டுப் பக்கம் திரும்பி, பையோடு நின்றிருந்த மகள் அமுதவல்லியைக் கூப்பிட்டாள். பஸ் போய்விட்டதாம், காலேஜுக்கு நேரமாகிறதாம், பொன்னேரியில் இறக்கிவிடச் சொன்னாள்.

அவன் வேனுக்குள் இருந்த சிவப்புத் துணிகளைப் பார்த்தான், அமுதவல்லியைப் பார்த்தான். பெற்ற மகளை ஏற்றுகிறவள் நண்டை ஏற்றமாட்டாளா என்று கேட்க வாயெடுத்தான்.

"நண்டு வாயில்லா ஜீவன் பூவரசா," என்றாள் இந்திராணி. "இவ சுட்டா சொல்லுவா."